500 ரூபாய்க்குள் நல்ல சமையலறைக் கத்தி கிடைக்குமா?

அனைவருக்கும் வணக்கம். அன்றாடம் காய்கறி நறுக்குவதற்கு, 500 ரூபாய்க்கு மிகாத விலையில், சில ஆண்டுகளாவது உழைக்கக்கூடிய ஒரு கத்தியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சென்ற ஆண்டு தள்ளுபடியில் வாங்கிய ஐந்து கத்திகள் கொண்ட தொகுப்பு, மூன்றே மாதங்களில், தக்காளித் தோலை அறுக்காமல் நசுக்கிச் சாறு பிதுக்கும் நிலைக்கு வந்துவிட்டது. (அந்த ஐந்தில் நான் உண்மையில் பயன்படுத்தியவை இரண்டுதான்.)

விசாரித்த அளவில் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் 11 செ.மீ. பல் வைத்த கத்தி. எளிதில் துருப்பிடிக்காது, எடையும் குறைவு, ஆனால் அந்த அலகைத் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் பல்லே தேய்ந்துவிடும். மற்றொன்று, பட்டறையில் அடித்த இரும்புக் கத்தி. அம்மாவின் அரிவாள்மனையைப் போலவே இதுவும் மாங்காயோ எலுமிச்சையோ பட்டால் கறுத்துவிடும் என்பதால், கழுவியவுடன் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். எனினும், பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியிலுள்ள சொரசொரப்பான வளையத்தில் சில முறை இழுத்தாலே கூர் திரும்பிவிடும் என்பதால் என் மனம் இதன் பக்கமே சாய்கிறது.

திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர்பெற்ற ஊர் என்பது தெரியும். அங்கோ மதுரைப் பக்கத்திலோ ஆறு அங்குல அலகுள்ள காய்கறிக் கத்தியை அடித்துத் தருவோர் உண்டா, அலகின் இரும்பு கைப்பிடியின் முழு நீளத்துக்கும் செல்லுமாறு செய்வார்களா, என்ன விலை ஆகும் என்பதை, வாங்கிப் பயன்படுத்தியவர்கள் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.