உதவி: லினக்ஸில் யுஎஸ்பி கீபோர்டு, மவுஸ் இரண்டும் எடுக்கவில்லை, அவசரம்

குடியாத்தம்_அச்சு:
கடை கம்ப்யூட்டரில் காலையிலிருந்து கீபோர்டும் மவுஸும் எடுக்கவில்லை. லாகின் திரை வந்து அப்படியே நிற்கிறது. போர்ட் மாற்றிப் பார்த்துவிட்டேன். தீப்பெட்டி லேபிள் வேலை, நாளைக்குக் கொடுத்தாக வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

பாலாறு:
எந்த லினக்ஸ்? டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா? வயரா, வயர்லெஸ்ஸா?

சத்துவாச்சாரி77:
ஹப்பில் சொருகியிருக்கிறீர்களா? யுஎஸ்பி 2.0 போர்ட் கொடுப்பது 500 மில்லிஆம்பியர்தான். தனிக் கரண்ட் இல்லாத ஹப்பில் நாலு சாதனம் போட்டால் எதுவும் எடுக்காது. எனக்கு இதேதான் நடந்தது. ஹப்பைக் கழற்றுங்கள்.

ஆற்காடு_ரூட்:
கேள்வி கேட்பது எப்படி என்று இங்கே எத்தனை முறை சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் போய் "வலிக்குது" என்று மட்டும் சொன்னால் டாக்டர் எங்கே கை வைப்பார்? டிமெசேஜ் லாக், அதாவது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதி வைக்கும் செய்திப் பதிவைப் போடுங்கள். அதில் -71 பிழை இருந்தால் பெரும்பாலும் கேபிள் அல்லது போர்ட். லாக் இல்லாமல் என் நேரத்தைச் செலவழிக்க முடியாது.

காட்பாடி_ஜங்ஷன்:
அண்ணா, கீபோர்டே எடுக்காதவர் கமாண்டை எதில் அடிப்பார்? தம்பி, பயாஸுக்குள், அதாவது லினக்ஸ் ஏறுவதற்கு முன் வரும் செட்டிங்ஸ் திரையில், கீபோர்டு வேலை செய்கிறதா? நேற்று அப்டேட் ஏதாவது ஓடியதா?

குடியாத்தம்_அச்சு:
மின்ட் 21.3, டெஸ்க்டாப், வயர், ஹப் கிடையாது. பயாஸில் வேலை செய்கிறது. ராத்திரி அப்டேட் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. அதையும் சொல்ல வேண்டுமா?

காட்பாடி_ஜங்ஷன்:
அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பயாஸில் வேலை செய்தால் கேபிளும் போர்ட்டும் நல்லாத்தான் இருக்கின்றன. புது கெர்னல் பாதியில் நின்றிருக்கும், அதன் மாட்யூல்கள் (டிரைவர் இருக்கும் துணைக் கோப்புகள்) முழுசாக இறங்கியிருக்காது. கீபோர்டு, மவுஸுக்கான எச்ஐடி டிரைவர் அந்த மாட்யூல்களில்தான் இருக்கிறது.

கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் எஸ்கேப் தட்டுங்கள், பழைய மெஷின் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். எந்தக் கெர்னலில் ஏறுவது என்று கேட்கும் கிரப் மெனு வரும். அங்கே லினக்ஸ் இன்னும் ஏறவில்லை, அதனால் கீபோர்டு வேலை செய்யும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே போனதும் டெர்மினலில் "சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ", அப்புறம் "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் -எஃப்". பாதியில் நின்றது முடிந்துவிடும்.

வாலாஜா_தட்டச்சு:
பழைய கெர்னலும் எடுக்கவில்லை என்றால், உருண்டைப் பின் வைத்த பிஎஸ்2 கீபோர்டு ஒன்றைத் தேடுங்கள். அது யுஎஸ்பி பக்கமே போகாது. மெஷினை அணைத்துவிட்டுச் சொருகுங்கள், ஓடும்போது வேண்டாம். என்னிடம் டிவிஎஸ் கோல்டு ஒன்று இன்னும் இருக்கிறது, டைப்ரைட்டர் லேஅவுட்டில் அடிக்க அதற்கு ஈடே இல்லை.

பாலாறு:
இன்னும் டைப்ரைட்டரா? 1999-லேயே தமிழ்99 கீபோர்டு லேஅவுட் வந்துவிட்டதே. க-வை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழுகிறது. உயிர் இடது கையில், மெய் வலது கையில். இரண்டு வாரத்தில் கை பழகிவிடும்.

வாலாஜா_தட்டச்சு:
முப்பது வருஷம் பழகிய கைக்கு இரண்டு வாரம் போதாது. டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை வேகமாக அடித்துக் கொடுப்பவர்கள் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை முடித்தவர்கள்தான். அவர்களை மாற்றச் சொல்லாதீர்கள்.

பாலாறு:
புதிதாகப் படிக்கிற பிள்ளைகளுக்காவது தமிழ்99 சொல்லிக் கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

சத்துவாச்சாரி77:
ஹப் இல்லை என்றால் ஆட்டோசஸ்பெண்டாக இருக்கும், சும்மா இருக்கும் யுஎஸ்பி சாதனத்தைத் தூங்க வைப்பது. கெர்னல் வரியில் யுஎஸ்பிகோர்.ஆட்டோசஸ்பெண்ட்=-1 போட்டுப் பாருங்கள்.

ஆற்காடு_ரூட்:
அது கொஞ்ச நேரம் வேலை செய்து அப்புறம் தூங்கிவிடும் சாதனத்துக்கு. இது முதலிலிருந்தே எடுக்காத கேஸ். காட்பாடி சொன்னது சரியான வழி.

குடியாத்தம்_அச்சு:
பழைய கெர்னலில் இரண்டும் வந்துவிட்டது. இரண்டு கமாண்டும் போட்டேன். லேபிள் ஓடிக்கொண்டிருக்கிறது. ரொம்ப நன்றி அண்ணா.

காட்பாடி_ஜங்ஷன்:
சந்தோஷம் தம்பி. வேலை முடிந்ததும் புது கெர்னலில் ஏறிப் பார்த்து இங்கே ஒரு வரி போடுங்கள். அடுத்த அப்டேட்டுக்கு முன்னால் கடைக்கு ஒரு யுபிஎஸ் வாங்கிவிடுங்கள்.