காம்பவுண்ட் டர்போ தேர்வில் எங்கே சறுக்கினீர்கள்? (டர்போ: இஞ்சினின் புகையால் சுழன்று, இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி. காம்பவுண்ட்: பெரிய டர்போ அழுத்திய காற்றைச் சின்ன டர்போ மேலும் அழுத்தும் இரட்டை அமைப்பு.)

பன்னிரண்டு_வால்வு:
வண்டி 1997 ராம் 2500 பிக்கப், 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இஞ்சின், பி7100 டீசல் பம்ப், இஞ்சின் தலையை இறுக்கிப் பிடிக்கும் ஹெட் ஸ்டட் ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. தொழிற்சாலையிலிருந்து வந்த எச்எக்ஸ்35 டர்போவை, சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் மேனிஃபோல்டிலேயே விட்டுவிட்டு, வெளிக்காற்றை முதலில் இழுக்கும் பெரிய டர்போவாக 75 மில்லிமீட்டர் எஸ்475 ஒன்றைப் பொருத்தினேன். பெரியதைத் தேர்ந்தெடுக்க மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட நான், சின்னதைப் பற்றி ஒரு மாலைகூட யோசிக்கவில்லை.

ஹூஸ்டனுக்கு வெளியே நெடுஞ்சாலையில் ஏறும் இணைப்புச் சாலையில் முதன்முறையாக முழுவதும் மிதித்தபோது, இஞ்சினுக்குள் திணிக்கப்படும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டரின் முள் 58 பிஎஸ்ஐயில் நின்றது. பக்கத்தில் இன்னொரு மீட்டர் இருந்தது. மேனிஃபோல்டில் துளையிட்டு, செப்புக் குழாயைச் சுருள் சுருளாக வளைத்து இழுத்து, டர்பைனுக்கு (டர்போவில் புகையால் சுழலும் சக்கரம்) முன்னால் தேங்கும் புகையின் அழுத்தத்தைப் பார்ப்பதற்காக நானே மாட்டியது அது. அதன் முள் 60, 75, 90 என்று நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. இரண்டு முட்களும் ஏறக்குறைய ஒட்டியே நகர வேண்டும் என்பது தெரிந்திருந்தும், இன்னும் மூன்று வினாடி காலை எடுக்காமல் வேடிக்கை பார்த்தேன். பிறகு கூலன்ட்டின் தித்திப்பு வாசனை வந்தது. பானட் இடுக்கிலிருந்து வெண்ணிற ஆவி கிளம்பியது. இஞ்சின் தலைக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் காஸ்கெட் போய்விட்டது. அந்த மூன்று வினாடியைத்தான் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை.

மலைப்பாதை:
எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறான அனுபவம். நான் கொலராடோவில் பின்னால் கேம்பர் மாட்டிக்கொண்டு மலை ஏறுகிறவன். ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கம் 3,401 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கீழே 30 பிஎஸ்ஐ பூஸ்டுக்கு மூன்று மடங்கு அழுத்தினால் போதும் என்றால், மேலே சிலிண்டருக்குள் அதே காற்றைத் திணிக்க நாலரை மடங்குக்குமேல் அழுத்த வேண்டும். தனி டர்போ ஒன்றால் அது ஆகாது. புகைவாயு வெப்பம் 1,400 பாரன்ஹீட்டைத் தொடும். காலைத் தளர்த்தி, லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போவேன். பக்கத்து இருக்கையில் என் மனைவி அந்த வெப்ப மீட்டரைப் பார்த்து எண்களை உரக்கச் சொல்லிக்கொண்டே வருவார்.

பழைய டர்போவுக்குப் பின்னால் 67 மில்லிமீட்டர் டர்போ ஒன்றைச் சேர்த்த பிறகு அதே ஏற்றத்தில் முள் 1,150-ஐத் தாண்டவில்லை. சுரங்கத்தின் வாயில் தெரிந்தபோதுதான் வெகுநேரமாக எண்கள் காதில் விழவில்லை என்பதைக் கவனித்துத் திரும்பிப் பார்த்தேன். அவர் தூங்கிவிட்டிருந்தார்.

ஆகவே 75 என்பது ஆசைக்கு வாங்கிய அளவு என்பேன். முதல் பதிவர் 67-ஓடு நின்றிருந்தால் காஸ்கெட் பிழைத்திருக்கும்.

கணக்குப்பிள்ளை:
அந்த முடிவை ஏற்க முடியவில்லை. என் கதை ஒரே வரிதான்: புகைப்படத்தைப் பார்த்து மயங்கி 80 மில்லிமீட்டர் டர்போ வாங்கினேன், இஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்றுக்குக் கீழே ஓடும்வரை அது விழித்துக்கொள்ளவே இல்லை, விற்றுவிட்டேன். அதன்பின் காகிதத்தில் கணக்குப் போடாமல் எதையும் வாங்குவதில்லை.

இரண்டு டர்போக்களின் அழுத்தம் கூடுவதில்லை, பெருகுகிறது. பெரியது 2.5 மடங்கும் சின்னது 2 மடங்கும் அழுத்தினால் மொத்தம் 5 மடங்கு. அதாவது மீட்டரில் 59 பிஎஸ்ஐ, ஏறக்குறைய முதல் பதிவர் பார்த்த அதே எண். 5.9 லிட்டர் இஞ்சின் 2,800 சுற்றில் அந்த அழுத்தத்தில், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஓரளவு ஒழுங்காக வேலை செய்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 86 பவுண்டு காற்றைக் குடிக்கும். அந்த 86 பவுண்டு முழுவதும் வெளிக்காற்றாகப் பெரிய டர்போவின் வழியேதான் வர வேண்டும் என்பதால் 75 மிகையல்ல. 67 போதும் என்பவர் பாரம் இழுக்கும் அளவுக்கான சக்தியோடு திருப்தியடைகிறவர்; அது வேறு தேவை.

சின்னதன் நிலைமை வேறு. அதற்குள் நுழையும் காற்று ஏற்கெனவே 2.5 மடங்கு நெருக்கப்பட்டு, 150 செல்சியஸ் வரை சூடேறியும் இருக்கிறது. இரண்டையும் கணக்கில் கொண்டால் அதே 86 பவுண்டு, சின்னதன் கம்ப்ரஸருக்கு (காற்றை அழுத்தும் பக்கம்) 41 பவுண்டு போலத்தான் தோன்றும். எச்எக்ஸ்35-இன் கம்ப்ரஸர் இதைத் தாங்கும். தாங்காதது அதன் டர்பைன் பக்கம். எரிந்த புகை முழுவதும் 12 சதுர சென்டிமீட்டர் ஹவுசிங் (டர்பைன் உறை) வழியாகவும், உள்ளே இருக்கும் சிறிய வேஸ்ட்கேட் (மிகுந்த புகையை டர்பைனைச் சுற்றிக் கடத்தும் கதவு) துளை வழியாகவும் போயாக வேண்டும். முட்கள் பிரிந்தது அங்கேதான். கூடவே, சின்னதிலிருந்து வெளிவரும் காற்று 280 செல்சியஸைத் தாண்டக்கூடும் என்பதால் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் இணைப்புகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

பழைய_பம்ப்:
கணக்குகள் சரி. நான் சின்ன டர்போவுக்கு வேஸ்ட்கேட்டே வைக்காமல் சக்தியை அளக்கும் டைனோவில் வண்டியை ஏற்றியவன். மூன்றாவது ஓட்டத்தில் அளவுக்கு மீறிச் சுழன்று அதன் ஷாஃப்ட் முறிந்தது. எண்ணெய் நேராக இஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக்கில் பாய்ந்தது. சாவியைத் திருப்பினேன், டீசல் நின்றது, இஞ்சின் நிற்கவில்லை. தன் எண்ணெயையே எரித்துக்கொண்டு சுற்று ஏறிக்கொண்டே போயிற்று. கொட்டகை முழுவதும் நீலப் புகை. தயாராக நின்றிருந்த நண்பர் ஒரு மரப்பலகையைப் பெரிய டர்போவின் வாயில் அறைந்தார். பலகை உறிஞ்சப்பட்டு அப்படியே ஒட்டிக்கொண்டது. இஞ்சின் இரண்டு முறை குலுங்கி அடங்கியது. டர்போ வாயின் வட்டத் தடம் பதிந்த அந்தப் பலகையைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். கையால் மூடலாம் என்று தயவுசெய்து யாரும் நினைக்காதீர்கள்.

பன்னிரண்டு_வால்வு:
67 வாங்கச் சொன்னவருக்கு: 75 இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. மாற்றியது ஒன்றே. மேனிஃபோல்டில் 50 மில்லிமீட்டர் வெளி வேஸ்ட்கேட் ஒன்றைப் பற்றவைத்தேன். அது திறக்கும்போது வரும் புகையை வெளியே விட்டுவிடலாம் என்று பட்டறையில் சொன்னார்கள். நான் கேட்காமல், இரண்டு டர்பைன்களுக்கும் நடுவில் உள்ள குழாயிலேயே கொண்டு சேர்த்தேன். சின்னதைத் தவிர்த்து வரும் புகையும் பெரியதைச் சுழற்ற வேண்டும் அல்லவா? நேற்று அதே இணைப்புச் சாலையில் பூஸ்ட் 60, புகை அழுத்தம் 66. இந்த முறை முழுவதும் மிதித்த காலை, பார்த்த உடனேயே எடுத்துவிட்டேன். எடுக்கத் தேவையே இருக்கவில்லை.