குடியரசுத் தலைவர் தேர்தல்: நம் வாக்கு எங்கே?

வைகைக்கரை:
ஊராட்சித் தலைவருக்கு நானே வாக்களிக்கிறேன். குடியரசுத் தலைவரை மட்டும் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் தங்களுக்குள் முடித்துக்கொள்கிறார்கள். "உங்களுக்கு ஏன் ஓட்டு இல்லை அப்பா?" என்று மகள் கேட்டாள், பதில் சொல்ல முடியவில்லை. அதிலும் உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.வின் வாக்கு மதிப்பு 208, நம்மவருக்கு 176, சிக்கிம்காரருக்கு 7. இது என்ன நியாயம்?

பழைய வாத்தியார்:
தம்பி, ஒரு தாளை எடுங்கள். தமிழகத்தின் 1971 மக்கள்தொகை 4,11,99,168. அதை 234 எம்.எல்.ஏ.க்களால் வகுத்து, வருவதை 1,000ஆல் வகுங்கள். 176 வரும். சிக்கிமின் 7 வந்ததும் இதே வழியில்தான். ஓர் உறுப்பினருக்குப் பின்னால் எத்தனை பேரோ, அவ்வளவு எடை. நாடு முழுக்க இப்படிக் கூட்டியபோது 2022இல் 5,43,231 வந்தது. அதை 776 எம்.பி.க்களுக்குப் பங்கிட்டார்கள், தலைக்கு 700. நாடாளுமன்றம் ஒரு தட்டு, மாநிலங்கள் ஒரு தட்டு. நேரடித் தேர்தல் வந்தால் சட்டமன்றங்கள் இந்தப் பாதியை இழந்துவிடும்.

வைகைக்கரை:
1971ஆ? ஐயா, அப்போது நானே பிறக்கவில்லை!

பொருநை மகள்:
அந்தப் பழைய கணக்குதான் அண்ணா நம்மைக் காக்கிறது. 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம், 1971 கணக்கே மாறாமல் தொடரட்டும் என்றது. 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வெளியாகும் வரை அப்படியே இருக்கட்டும் என்று 2001இல் 84ஆவது திருத்தம் நீட்டித்தது. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் சிவப்பு முக்கோணம் வரைந்து, 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று எழுதியிருக்கும். அதைக் கேட்டு நடந்தவள் என் அம்மா. கேட்டு நடந்த மாநிலத்தின் எடை அதனாலேயே குறையலாமா? நேரடித் தேர்தலில் இன்றைய தலைக்கணக்குதான் செல்லும். இழப்பு நமக்கே.

வைகைக்கரை:
நான் மாநிலத்துக்காகக் கேட்கவில்லை, குடிமகனாகக் கேட்கிறேன். கட்சி மேலிடம் கைகாட்டுகிறவர்தானே ஜெயிக்கிறார்?

பழைய வாத்தியார்:
இந்தத் தேர்தலில் கட்சிக் கொறடா உத்தரவிட முடியாது, ரகசிய வாக்கு. 1969இல் காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. சுயேச்சையாக நின்றவர் வி.வி.கிரி. இந்தத் தேர்தலில் வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசைப்படி குறிப்பார்கள். முதல் விருப்ப வாக்கில் இருவருமே பாதியைத் தாண்டவில்லை. கடைசி இடத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுடைய சீட்டுகளில் இருந்த அடுத்த விருப்பத்தை எண்ணினார்கள். கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. மேலிடம் அறிவித்தவர் தோற்றார். இன்னொன்றும் யோசியுங்கள்: கோடிக்கணக்கான வாக்குகளை நேரடியாக வாங்கி வந்த ஒருவர், அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பாரா? டெல்லியில் இரண்டு அதிகார மையங்கள் முளைத்துவிடும்.

வைகைக்கரை:
இரண்டு மையங்கள் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1969க்குப் பிறகு ஒரு தேர்தல்கூட இரண்டாம் விருப்பம் வரை போகவில்லையே. வகுத்தும் பார்த்தேன், 176 சரியாக வந்தது. அந்த 176க்குள் நானும் இருக்கிறேன் என்கிறீர்கள். என் எம்.எல்.ஏ. அதை யாருக்குப் போட்டார் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் பெயரில் விழும் வாக்கு எனக்கே ரகசியமா, ஐயா?