கலிபோர்னியா பையன்கள் ஏன் இவ்வளவு தூரம் போனார்கள்?

சனிக்கிழமை ரசிகன்:
2020-இல் அமெரிக்கக் கால்பந்து ஆடக் கல்லூரிக்குள் நுழைந்த குவார்ட்டர்பேக்குகளை, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்களைப் பாருங்கள். பிரைஸ் யங், சி.ஜே. ஸ்ட்ரவுட், டி.ஜே. உயாகலலே, மூன்று பேருமே தெற்கு கலிபோர்னியா. பக்கத்திலேயே லாஸ் ஏஞ்சலஸில் யுஎஸ்சி பல்கலைக்கழகம் இருக்கிறது, யங் முதலில் அங்கேதான் வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கடைசியில் அவர் அலபாமா, ஸ்ட்ரவுட் ஒஹையோ ஸ்டேட், உயாகலலே கிளெம்சன் என்று தூரத்துக் கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். ஜெயிக்கிற அணி என்பது மட்டும்தான் காரணமா?

டச்டவுன்:
ஜெயிப்பதும் ஒரு காரணம்தான். 2006 சீசனிலிருந்து 2012 வரை தொடர்ந்து ஏழு தேசியப் பட்டமும் தெற்கின் எஸ்இசி அணிகளுக்கே, அலபாமா ஆடும் கல்லூரி லீக் அதுதான். ஆனால் பையனும் அவன் வீட்டாரும் முதலில் கேட்பது, தொழில்முறை லீகான என்எஃப்எல்லுக்குப் போக முடியுமா என்றுதான். என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2021-இல் முதல் சுற்றிலேயே அலபாமாக்காரர்கள் ஆறு பேர், அதில் நஜி ஹாரிஸ் கலிபோர்னியா பையன். தினமும் பயிற்சியில் எதிரே நிற்பவனே நாளைக்கு என்எஃப்எல் ஆடப்போகிறவன் என்றால் தூரமெல்லாம் யாருக்குப் பெரிதாகத் தெரியும்?

மேற்குக்கரை:
மேற்குக்கரைக் கல்லூரிகளின் லீகான பேக்-12 தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது. இங்கே இரவு ஏழரைக்கு ஆட்டம் என்றால் நியூயார்க்கில் மணி பத்தரை, முடிவதற்குள் அங்கே ஊரே தூங்கிவிடும். 2012-இல் சொந்தமாக ஒரு சேனல் தொடங்கினார்கள், அதை டைரக்டிவி என்ற சாட்டிலைட் டிவி நிறுவனம் கடைசிவரை எடுக்கவே இல்லை. நன்றாக ஆடினாலும் பார்க்க ஆள் இல்லாத இடத்துக்கு எந்தப் பையன் வருவான்? 2024-இல் யுஎஸ்சி, யுசிஎல்ஏ, ஓரிகன், வாஷிங்டன் எல்லாமே பிக் டென் என்ற வடக்கு லீகுக்குப் போய்விட்டன. இன்னும் மனசு ஆறவில்லை.

வெள்ளி இரவு:
வெளியே போனவர்களைப் பற்றியே பேசுகிறோம். தெற்கில் நிறைய பையன்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்துவிடுகிறார்கள், அதுதான் எஸ்இசியின் உண்மையான பலம். ஜார்ஜியா, ஃபுளோரிடாவில் பள்ளிப் பையன்களுக்கே வசந்தகாலப் பயிற்சி உண்டு, வடக்கில் பல மாநிலங்களில் அது கிடையாது. அப்புறம், அம்மா அப்பா காரை எடுத்துக்கொண்டு வந்து மகன் ஆடுவதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள்.

நான்காம் டவுன்:
எல்லாம் சரி, ஆனால் 2021 ஜூலைக்குப் பிறகு கணக்கே மாறிவிட்டது. பெயரையும் படத்தையும் வைத்து வீரர்கள் சம்பாதிக்கலாம் என்று விட்டார்கள். 2025-இலிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம், ஒரு கல்லூரி வருடத்துக்கு மொத்தம் சுமார் 2 கோடி டாலர் வரை. அணி மாறினால் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும் என்ற விதியும் போய்விட்டது, அதனால் அலபாமா பெஞ்சில் மூன்று வருடம் காத்திருக்க இப்போது யாருக்கும் பொறுமை இல்லை. 2023 பட்டம் மிச்சிகனுக்கு, 2024 ஒஹையோ ஸ்டேட்டுக்கு, இரண்டுமே வடக்கு. யங் மாதிரி ஒரு பையன் இன்றைக்கு வந்தால் தெற்கா வடக்கா என்று பார்க்க மாட்டான். எவ்வளவு தருவீர்கள், முதல் வருடமே இறக்குவீர்களா என்றுதான் கேட்பான்.