சி.பி.ஏ வாக்கெடுப்பு: பாஸ்டன், கேம்பிரிட்ஜ் ஆட்கள் கொஞ்சம் கை கொடுங்கள்

வணக்கம். மாசசூசெட்ஸில் எங்கள் ஊர் வாக்குச்சீட்டில் இந்த நவம்பரில் கம்யூனிட்டி பிரிசர்வேஷன் ஆக்ட் (சி.பி.ஏ) என்ற சட்டத்தை ஏற்பதா என்ற கேள்வி வருகிறது. சொத்து வரிமேல் 1.5% கூடுதல் வரி. அந்தப் பணம் கட்டுப்படியாகும் விலையில் வீடுகள், பூங்காக்கள், பழைய கட்டடங்கள் இவற்றுக்கு மட்டும்தான். மாநில நிதியிலிருந்தும் ஒரு பங்கு சேரும்.

வரி என்றதுமே நம் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். கணக்குப் போட்டுக் காட்டினால் கொஞ்சம் இறங்கி வருகிறார்கள். 6 லட்சம் டாலர் வீட்டில் முதல் 1 லட்சத்துக்கு விலக்கு. ஆயிரத்துக்கு 12 டாலர் வரி என்று வைத்தால் மீதி 5 லட்சத்துக்குச் சொத்து வரி 6,000 டாலர், அதில் 1.5% என்பது வருஷத்துக்கு 90 டாலர். அவ்வளவுதான்!

ஆனால் வாடகைக்கு இருப்பவர்கள், "வீட்டுக்காரர் இதையும் வாடகையில் ஏற்றிவிடுவாரே?" என்கிறார்கள். நியாயமான கேள்வி, மழுப்ப எனக்கு மனமில்லை. கேம்பிரிட்ஜில் 2001இலும் பாஸ்டனில் 2016இலும் இது நிறைவேறியது. அங்கே இருப்பவர்களே, வாடகை உண்மையில் ஏறியதா? இந்தப் பணத்தில் வந்த வீடோ பூங்காவோ உங்கள் பக்கம் இருந்தால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

அப்புறம், சனிக்கிழமை காலை இந்தியக் கடை வாசலில் துண்டறிக்கை கொடுக்க இரண்டு பேர் வேண்டும். தமிழில் பொறுமையாகப் பேசத் தெரிந்தால் போதும். குடியுரிமை வாங்கியும் வாக்காளராகப் பதியாதவர்கள், தேர்தலுக்கு 10 நாள் முன்பே பதிந்துவிடுங்கள்.