ஃப்ரீரென் ஒளிபரப்பான முதல் வாரம்: என் அனுபவம்

ஸ்பாய்லர் உண்டு, முதல் நான்கு எபிசோடு பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

புது சீசன் தொடங்கினால் எதையும் மூன்று எபிசோடு வரை பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பேன். ஃப்ரீரென் என்ற அனிமேக்கு (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) அந்தக் காத்திருப்பே தேவைப்படவில்லை. 2023 செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை இரவு, வழக்கமாகப் படம் போடும் நேரத்தில் ஜப்பானின் நிப்பான் டிவி முதல் நான்கு எபிசோடுகளையும் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு ஒளிபரப்பியது. அந்த வார இறுதியிலேயே சப்டைட்டில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

அரக்க அரசனை வீழ்த்திய நால்வர் ஊர் திரும்புவதில்தான் கதையே தொடங்குகிறது. மற்ற கதைகள் முடிகிற இடம் அது. ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை வரும் விண்கல் மழையை நால்வரும் பார்க்கிறார்கள். "அடுத்த தடவை இதைவிட நன்றாகத் தெரிகிற இடத்துக்குக் கூட்டிப் போகிறேன்" என்கிறாள் நால்வரில் ஒருத்தியான மந்திரவாதி ஃப்ரீரென், என்னவோ அடுத்த மாதம் வரப்போவது போல. ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்ந்த எல்ஃபுக்கு (நீண்ட ஆயுள் கொண்ட கற்பனை இனம்) ஐம்பது வருடம் அவ்வளவுதான். சொன்னபடி அவள் திரும்பி வரும்போது, நால்வரின் தலைவனான ஹிம்மெல் வழுக்கைத் தலையும் வெள்ளைத் தாடியுமாகக் குறுகி நிற்கிறான். அந்த ஒரு ஷாட்டில் எனக்கு மனசு கனத்துவிட்டது. அவனுடைய இறுதிச் சடங்கில் அவள் முகத்தில் வருத்தமே இல்லை என்று ஊரார் முணுமுணுக்கிறார்கள். அப்புறம்தான் உடைந்து அழுகிறாள். பத்து வருடம் கூடவே இருந்தும் அவனைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லையே என்கிற அழுகை அது.

ஃப்ரீரெனுக்குக் குரல் கொடுத்தவர் தானேசாகி அத்சுமி. அதே அக்டோபரில் ஸ்பை ஃபேமிலி அனிமேயின் இரண்டாவது சீசனும் தொடங்கியது, அதில் ஆன்யா என்ற குட்டிப் பெண்ணின் குரலும் இவர்தான்! இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே ஆள் என்று நம்பவே முடியாது. இயக்குநர் சாய்தோ கெய்இசிரோ, அதற்கு முந்தைய வருடம்தான் போச்சி தி ராக் அனிமேயை எடுத்தவர்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது எபிசோடு. குவால் என்ற அரக்கனை எண்பது வருடத்துக்கு முன்னால் முத்திரையிட்டு அடைத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் தடுக்கவே முடியாத கொலை மந்திரத்தைக் கண்டுபிடித்தவன் அவன். வெளியே வந்ததும் அதையே ஏவுகிறான். ஃப்ரீரெனின் சிஷ்யையான ஃபெர்ன் என்ற சின்னப் பெண் சாதாரணத் தற்காப்பு மந்திரத்தால் தடுத்துவிடுகிறாள். அவன் அடைபட்டுக் கிடந்த காலத்தில் மனிதர்கள் அந்த மந்திரத்தை அலசி ஆராய்ந்து, எல்லோரும் பழகும் தாக்குதல் மந்திரமாகவே ஆக்கிவிட்டார்கள். குறுகிய ஆயுள் உள்ளவர்கள் இவ்வளவு வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதைச் சண்டை வழியாகவே காட்டிவிட்டார்கள். இப்படி யோசித்து எழுதிய சண்டையை நான் அனிமேயில் அதிகம் பார்த்ததில்லை.

நான்கையும் சேர்த்துப் போட்டதுதான் சரி என்பேன். முதல் எபிசோடு மட்டும் வந்திருந்தால் இது ஒரு சோகக் கதை என்றே பலர் ஒதுக்கியிருப்பார்கள். காலையில் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிற குருவும், அம்மா மாதிரி அவளை எழுப்பி இழுத்துப் போகிற சிஷ்யையும் அதற்குப் பிறகுதானே நமக்குப் பழகுகிறார்கள்? அதே வருடம் ஓஷி நோ கோ என்ற அனிமேயின் முதல் எபிசோடைத் தொண்ணூறு நிமிடமாகப் போட்டார்கள். அபோதிகரி டைரீஸ் என்ற இன்னொரு அனிமே மூன்று எபிசோடுகளோடு தொடங்கியது. மெதுவாகச் சூடுபிடிக்கிற கதைகளுக்கு இன்னும் நிறைய ஸ்டுடியோக்கள் இப்படிச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.