ஸ்லைஸ் கடையில் 'ஒரு பீட்சா' என்று கேட்காதீர்கள்

நியூயார்க்கில் வந்து இறங்கிய முதல் வாரம். குயின்ஸில் ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு சின்னப் பீட்சா கடை. இரவு எட்டு மணி, நல்ல பசி. உள்ளே போய் "ஒன் சீஸ் பீட்சா" என்றேன். கடைக்காரர் தலையாட்டிவிட்டு மாவு உருண்டையை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியும் போய்விட்டார்கள். இருபது நிமிடம் கழித்து, சீர்வரிசைத் தாம்பாளம் அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டி என் கைக்கு வந்தது. இருபத்துச் சொச்சம் டாலர். இருப்பதோ நான் ஒரே ஆள். மூன்று நாள் காலையும் இரவும் அதையேதான் தின்றேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். இந்த ஊரில் முழுப் பீட்சாவுக்குப் பெயர் 'பை'. துண்டுக்குப் பெயர் 'ஸ்லைஸ்'. பை என்றால் ஏறக்குறைய 18 அங்குல விட்டம், எட்டுத் துண்டு. பசியோடு போகிற ஒருவருக்கு இரண்டு துண்டு தாராளம். கண்ணாடிக்குப் பின்னால் பைகளை வரிசையாக வைத்திருப்பார்கள். "டூ பிளெய்ன்" என்றால் போதும். பிளெய்ன் என்றால் வெறும் ரொட்டி இல்லை, தக்காளி சாஸும் சீஸும் போட்டதுதான். சில கடைகளில் அதையே ரெகுலர் என்பார்கள். வரிசை வேகமாக நகரும். உங்கள் முறை வரும்போது என்ன வேண்டும் என்று யோசித்து முடித்திருங்கள். அடுத்து "ஃபார் ஹியர் ஆர் டு கோ?" என்று ஒரே மூச்சில் ஒரு கேள்வி வரும். இங்கேயே சாப்பிடுவதா, கட்டித் தருவதா என்பதுதான் அது.

ஆறிக் கிடப்பதை எடுத்து அடுப்பில் தள்ளுகிறார்களே, பழசோ என்று முகம் சுளிக்க வேண்டாம். அந்த அடுப்பின் தரை கல். இரண்டாம் முறை அந்தக் கல்லில் படும்போதுதான் அடிப்பக்கம் மொறுமொறுவென்று வரும். என்னைக் கேட்டால், அப்போதுதான் வெந்து இறங்கிய பையிலிருந்து வெட்டிய துண்டைவிட இதுதான் ருசி. மெழுகுத் தாளோ காகிதத் தட்டோ போட்டுத் தருவார்கள். வாங்கிய கையோடு கடித்தால் மேலண்ணம் வெந்துவிடும். சீஸ் குமிழிடுவது நின்று, செம்மஞ்சள் எண்ணெய் மேலே திரண்டு நிற்கும்வரை பொறுங்கள். அந்த இடைவெளியில் மேடையில் இருக்கும் டப்பாக்களைக் கவனிக்கலாம். ஆரிகனோ, பூண்டுத் தூள், துருவிய சீஸ், விதையோடு உடைத்த மிளகாய். அந்த மிளகாய்க்குச் சிவப்புதான் அதிகம், காரம் நம் நாக்குக்குப் போதாது. தைரியமாக உலுக்குங்கள். பூண்டுத் தூளை மட்டும் அளவோடு.

சாப்பிடும் முறை எளிது. விளிம்பைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பிடித்து, ஆள்காட்டி விரலால் நடுவில் அழுத்தினால் துண்டு நீளவாக்கில் மடங்கும். மடங்கினால் முனை தொங்காது, எண்ணெய் சட்டையில் வழியாமல் மடிப்புக்குள்ளேயே நிற்கும். முள்கரண்டியைத் தேடாதீர்கள். 2014 ஜனவரியில், பதவியேற்றுச் சில நாளே ஆன மேயர் பில் டி பிளாசியோ ஸ்டேட்டன் ஐலண்டில் பீட்சாவை முள்கரண்டியால் குத்திச் சாப்பிட்டு, ஊரே சிரித்தது. கையால் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இதில் என்ன கஷ்டம்?

விலையைச் சொல்லிவிடுகிறேன். பிளெய்ன் துண்டு மூன்று, மூன்றரை, நாலு டாலர் என்று கடைக்குக் கடை மாறும். ஒரு துண்டின் விலையும் சுரங்க ரயில் கட்டணமும் சேர்ந்தே ஏறும் என்று 1980 முதலே இந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. இப்போது பல இடங்களில் துண்டு ரயிலை முந்திவிட்டது. ஒரு டாலர் துண்டு என்று நம்மூரில் கேள்விப்பட்டு வருகிறார்கள், அதுவும் பெரும்பாலும் ஒன்றரை ஆகிவிட்டது. நகரத்தின் விற்பனை வரி 8.875 சதவீதம். பலகையில் 3.50 என்றால் கையில் 3.81 கேட்கலாம், வரியைச் சேர்த்தே விலை போட்டிருக்கும் கடைகளும் உண்டு. ரொக்கம் மட்டும் வாங்கும் கடைகள் இன்னும் இருப்பதால் சட்டைப்பையில் பத்து டாலர் வைத்துக்கொள்ளுங்கள். நின்று வாங்கிப் போவதற்கு டிப்ஸ் கட்டாயமில்லை. சில்லறையை ஜாடியில் போட்டால் போதும். தயவுசெய்து ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். பெருக்கினால் தொண்டையில் இறங்காது.

மற்ற வகைகள்: கனமான சதுரத் துண்டு சிசிலியன். சதுரமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் கிராண்ட்மா. தக்காளி இல்லாமல் ரிக்கோட்டா சீஸ் போட்டது ஒயிட். பாஸ்தாவையே மேலே கொட்டிய ஸீட்டி துண்டும் உண்டு. பரோட்டாவுக்குச் சோறு தொட்டுக்கொண்டதுபோல் இருந்தது எனக்கு. பிடித்தவர்கள் மன்னிக்கவும்.

அப்புறம், சுத்த சைவம் சாப்பிடும் ஒரு தம்பி, இந்தக் கடைகளில் தான் எதை நம்பிச் சாப்பிடலாம் என்று நேற்றுக் கேட்டிருந்தார். பெப்பரோனி என்ற பெயரைக் கேட்டுக் குடமிளகாய் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே அது பெரும்பாலும் பன்றியும் மாடும் கலந்த இறைச்சி. பிளெய்ன் துண்டில் இறைச்சி கிடையாது. ஆனால் எல்லாப் பையையும் ஒரே சக்கரக் கத்தியால்தான் வெட்டுவார்கள். கேட்டால் துடைத்துத் தருவார்கள், கூட்ட நேரத்தில் எதிர்பார்க்க முடியாது. இன்னொன்று ரென்னட். சில சீஸ்களை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பார்கள். அசல் பார்மிஜானோ அப்படித்தான். இதைக் கடைக்காரரிடம் கேட்டால் பாவம், அவருக்கே தெரியாது.

இதற்கு ஒரு நல்ல வழி யூதர்களின் கோஷர் பீட்சா கடை. பாலையும் இறைச்சியையும் சேர்க்கக்கூடாது என்பது அவர்கள் நெறி. சீஸ் விற்கும் கடையில் இறைச்சி வாசலைத் தாண்டாது. கத்திக் கவலை இல்லை. சீஸும் பெரும்பாலும் விலங்கு ரென்னட் இல்லாததுதான். மீன் மட்டும் அவர்கள் கணக்கில் இறைச்சி இல்லை, அதனால் டூனா இருக்கிறதா என்று ஒரு கண் வையுங்கள். ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் கியூ கார்டன்ஸ் ஹில்ஸ் பக்கம்தான், மெயின் ஸ்ட்ரீட்டில் தேடுங்கள். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் நிற்காதீர்கள், அவர்களின் ஓய்வுநாள் என்பதால் பூட்டியிருக்கும். சனிக்கிழமை நன்றாக இருட்டிய பிறகுதான் மறுபடி திறப்பார்கள். மார்ச் கடைசி, ஏப்ரல் வாக்கில் வரும் அவர்களின் பஸ்கா பண்டிகை நாட்களில் புளித்த மாவே ஆகாது என்பதால், அந்த வாரத்துக்குக் கோயில் கேன்டீன் தோசைதான்.